கரகரப்போடு பிடிலும் போய்விட்டது: மறுவெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கர்நாடக இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்துவரும் சென்னை நிறுவனத்தாருக்கு,

பிடில் வித்வான் துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் 78 சுற்றுத் தட்டுகளில் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள்) இருந்து நீங்கள் எடுத்து வெளியிட்ட தொகுப்பை முழுக்கக் கேட்டோம். எங்களிடம் இருக்கும் அதே தட்டுகளை ஓட்டி, பக்கம் பக்கமாக ஒப்பிட்டும் பார்த்தோம். தொகுப்பு சரியில்லை என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. சரியில்லாத மறுவெளியீடுகள் என்றைக்கும் உண்டு. கேட்காமல் விட்டுவிட்டுப் போகலாம். இந்த முறை அப்படிப் போக முடியவில்லை. சேகரிப்பாளர்கள் தட்டில் இருந்து நேரடியாக எடுத்து, எந்த மெருகும் ஏற்றாமல் யூடியூபில் போட்டிருந்த பதிவுகள் மீது உங்கள் பெயரில் தானியங்கி உரிமைக் கோரல் விழுந்து, அவற்றில் பல இப்போது கிடைப்பதில்லை. கூடவே, இரண்டாம் தொகுதியும் "அதே முறையில்" தயாராகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த முறையில் எங்கெங்கே தவறு என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். எழுதுபவர்கள் தட்டு சேகரிப்பவர்களும், ஒலிப்பதிவு வேலை தெரிந்தவர்களும், பிடில் வாசிப்பவர்களும்.

தட்டைக் கழுவுவதில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் விளம்பர வீடியோவில் ஒருவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தட்டின் மேல் அழுத்தித் துடைக்கிறார். பஞ்சு கறுப்பாகிறது, அழுக்கு போகிறது என்று அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அது வெறும் அழுக்கு இல்லை, ஐயா. தட்டும் சேர்ந்து கரைகிறது. 78 சுற்றுத் தட்டு, கல்மாவையும் கரியையும் அரக்கால் பிணைத்துச் செய்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத்தான் மேசைக்கும் அலமாரிக்கும் பாலிஷ் போடுகிறார்கள். எந்த மரக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். பின்னால் வந்த வினைல் தட்டுக்குப் பழகிய கை அரக்குத் தட்டிலும் அதையே செய்துவிட்டது. தேவைப்படுவது காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் சில சொட்டு மணமில்லாத மென்சோப்பு, மென்மையான தூரிகை, அவ்வளவுதான். தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். லேபிளில் ஈரம் படக்கூடாது. வேறு சுத்தத் தண்ணீரில் அலசி, உடனே ஒற்றி எடுத்து, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிட வேண்டும். இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் பழைய காகித உறையே பூஞ்சைக்கு வீடு. கழுவிய தட்டைத் திரும்ப அதே உறைக்குள் போட்டால் கழுவியதே வீண்.

அடுத்தது ஊசி. பின்னால் வந்த வினைல் எல்.பி. தட்டுக்கான சாதாரண ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 சுற்றுத் தட்டின் தடத்துக்கு வேண்டியது 65 முதல் 75 மைக்ரான் வரை. சின்ன ஊசி தடத்தின் சுவரைத் தொடாமல் அடியில் உருளும். எண்பது ஆண்டுத் தூசி கிடப்பது அடியில்தான். நீங்கள் பிறகு கம்ப்யூட்டரில் ஏறி நின்று விரட்டிய கரகரப்பில் பெரும்பங்கு ஊசியை மாற்றியிருந்தாலே போயிருக்கும். ஒரே அளவு எல்லாத் தட்டுக்கும் பொருந்தாது என்பதும் உண்டு. அந்தக் காலத்து எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒரு முறை போட்டுவிட்டு எறிய வேண்டும் என்பது விதி. 200 ஊசி கொண்ட தகர டப்பா அதற்காகத்தான். வீடுகளில் யார் எறிந்தார்கள்? ஒரே ஊசி பத்துப் பதினைந்து பக்கம் உழுதிருக்கும். அது உழுத உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தேயாத சுவர் இன்னும் இருக்கும். அதைப் பிடிக்க இரண்டு மூன்று அளவு ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வேண்டும். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோவாக இருந்தால் இரண்டு சுவரும் தனித்தனியாகக் கிடைக்கும். ஒன்று தேய்ந்திருந்தால் மற்றதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் நன்றாக இருந்தால் ஒன்றாக்கினாலே போதும். இந்தத் தட்டுகளில் இசை பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக அசைவதெல்லாம் இரைச்சல். இரண்டையும் ஒற்றை ஒலியாக, அதாவது மோனோ ஆக்கும்போது அது தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். நீங்களோ இதற்கு நேர்மாறாக, ஒற்றை ஒலியை இரண்டாகப் பிரித்துப் பொய் ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறீர்கள். ஹெட்போனில் கேட்டால் நாயுடுவின் வில் இடது காதில் தொடங்கி வலது காதில் முடிகிறது.

இனி சுருதி. இந்தத் தொகுப்பை மாணவர்கள் கையில் கொடுக்க முடியாததற்கு முதல் காரணம் இதுவே. 78 என்பது லேபிளில் அச்சிட்ட எண். பதிவு செய்த இயந்திரம் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டது என்று சொல்ல முடியாது. சுற்றும் வேகத்தை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சரிபார்த்தால் 77.92, 60 ஹெர்ட்ஸில் 78.26, இந்த வித்தியாசம் எட்டு சென்ட்கூட இல்லை (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), காதுக்குத் தெரியாது. ஆனால் 80 சுற்றில் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் 44 சென்ட் இறங்கும். 74-இல் வெட்டியதை 78-இல் ஓட்டினால் 91 சென்ட் ஏறும், கிட்டத்தட்ட அரைக் கட்டை. உங்கள் தொகுப்பில் சில பக்கங்கள் தெளிவாக ஏறி நிற்கின்றன. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை தகரத்தைத் தட்டுவது போல் கேட்கிறது, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகங்கள் அவசரப்படுகின்றன. ஒரே கீர்த்தனை தட்டின் இரண்டு பக்கங்களில் வரும் இடத்தில் இரண்டையும் ஒட்டி ஒரே பாட்டாக்கியிருக்கிறீர்கள். ஒட்டிய இடத்தில் ஆதார ஸ்வரமான ஷட்ஜம் ஒரு படி தாவுகிறது. பல்லவி ஒரு சுருதியில், சரணம் வேறொரு சுருதியில். நாயுடுவின் பிடிலுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு விபத்து நேர்ந்திருக்காது.

சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். தட்டின் உள்வளையத்தில், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஒரே அமர்வில் பதிவானவை பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணில் வரும். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் தொடங்குவதற்குள் யாரும் சுருதியை மாற்றமாட்டார்கள்; மிருதங்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பக்கங்களின் ஷட்ஜம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தலாம். திருத்தும்போது சுருதியையும் வேகத்தையும் பிரிக்காதீர்கள். வேகத்தை அப்படியே விட்டுச் சுருதியை மட்டும் இறக்கும் மென்பொருள், பிடிலின் நாதத்தை ரப்பராக்கிவிடும். தட்டு வேகமாகச் சுற்றியதுதான் பிழை என்றால், மெதுவாகச் சுற்றுவதுதான் திருத்தம். 78 இல்லாத டர்ன்டேபிளில் 45-இல் ஓட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் 1.73 மடங்கு முடுக்குவதும் சிலர் செய்வது. செய்யலாம். ஆனால் ஆம்பிளிஃபயர் அதற்குள் போட்டுவிட்ட ஈக்வலைசேஷனும் (கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) அதே 1.73 மடங்கு இடம்மாறிவிடும். அதை முதலில் கழற்றாமல் வேகத்தைத் தொடக்கூடாது.

ஒரு பதிவை மட்டும் நெருங்கிக் காட்டுகிறோம். ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும் இடம். வில் முழு நீளத்துக்கும் போகிறது. ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் பதிவில் அது அலைகிறது. நொடிக்கு ஒன்றேகால் அலைக்குச் சற்று மேல், கம்பிதம் என்னும் கமகத்தை மெதுவாக வாசித்தது போல. ஒரு மாணவி அதைக் கமகம் என்று நினைத்து நொட்டேஷனில் அலைக்கோடு போட்டுக்கொண்டு வந்தாள். 78-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.3. நாயுடு விரலை அசைக்கவில்லை, தட்டு அசைந்திருக்கிறது. நடுத்துளை மையத்தில் இருந்து 1 மில்லிமீட்டர் விலகியிருந்தால், தட்டின் வெளி ஓரத்தில் ஸ்வரம் இருபுறமும் 14 சென்ட் ஆடும். பக்கம் முடியும் உள்வட்டத்தில் 34 சென்ட். நம் இசை இலக்கணம் சொல்லும் மிகச் சிறிய சுருதி அளவான பிரமாண சுருதியே ஏறக்குறைய 22 சென்ட்தான். சுத்தமான ஸ்வர ஸ்தானத்துக்காகப் பேசப்பட்ட ஒரு வித்வானின் ஷட்ஜத்தை ஒன்றரைச் சுருதி ஆட்டிவிட்டு, "மீட்டெடுத்தது" என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். இதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. தட்டைக் கொஞ்சம் மொத்தமான ரப்பர் வட்டின் மேல் வைத்து, நடுக்கம்பி துளைக்குள் ஏறாதபடி உயர்த்தி, ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் இடம்வலமாக ஊசலாடுவது நிற்கும்வரை கையால் நகர்த்தி மையப்படுத்தினால் போதும். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிட வேலை.

இரைச்சல் நீக்கம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தட்டின் தொடக்கத்தில் இசை வருவதற்கு முன் இருக்கும் இரண்டு விநாடி இரைச்சலை மாதிரியாக எடுத்து, அதை முழுப் பக்கத்தில் இருந்தும் கழிப்பது உங்கள் வழி, கேட்டாலே தெரிகிறது. அரக்குத் தட்டின் இரைச்சல் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெளி ஓரத்தில் தடம் ஊசியின் அடியில் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது; உள்வட்டத்தில் அதில் பாதிகூட இல்லை. தொடக்கத்து மாதிரி நடுவிலேயே பொருந்தாமல் போகும். அங்கே மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துக் கழிப்பது, ஸ்வரத்தோடு கூடவே ஒலிக்கும் பிடிலின் மேற்சுரங்களைத்தான். தந்தியில் வில்லின் ரோமம் பற்றும் அந்த முதல் உராய்வு, வில் திரும்பும்போது வரும் மெல்லிய முனகல், ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு இழையும் ஜாருவில் விரல் தந்தியோடு வழுக்கும் சத்தம் எல்லாமே இரைச்சல் இருக்கும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. வாத்தியத்தைப் பிடில் என்று நம் காது கண்டுகொள்வதே அவற்றை வைத்துத்தான். அவை போனபின் மிச்சம் இருப்பது புல்லாங்குழலா, ஹார்மோனியமா, தண்ணீருக்குள் வாசிக்கும் ஏதோ ஒன்றா என்று சொல்ல முடியவில்லை. மென்மையான இடங்களில் சிட்டுக்குருவிக் கீச்சு மாதிரி ஒன்றும் கேட்கிறது. அது தட்டில் இல்லை. மென்பொருள் கழித்ததில் சிந்திய சில்லறை.

கீறலால் வரும் துள்ளல் ஒலிகளை நீக்கும் கருவியும் இதையே செய்திருக்கிறது. கீறல் என்பது திடீரென்று எழுந்து திடீரென்று அடங்கும் ஒலி. மிருதங்கத்தில் "நம்" என்னும் அடி அப்படித்தான் எழும், சாப்பு என்னும் அடியும் அப்படித்தான். கருவி இரண்டையும் ஒன்றென நினைத்து மழித்துவிட்டது. முத்தாய்ப்பாக வாசிக்கும் மோராவில் கடைசி அடி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. பெரிய கீறல்களைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும். மூன்றேகால் நிமிடப் பக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அலுப்பான வேலைதான். பொது இரைச்சலை நான்கைந்து டெசிபல் தணித்தால் காது மீதியைத் தானே ஒதுக்கிக்கொள்ளும். மழை பெய்யும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுவதில்லையா?

இந்தத் தட்டுகள் மந்தமாகக் கேட்பதற்கு ஈக்வலைசேஷன் பிழையும் ஒரு காரணம். இன்று கடையில் வாங்கும் எல்லா ஃபோனோ ஆம்பிளிஃபயரும் 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் போடும். அது 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் குறைக்கும். அதற்கு முன் வெட்டிய தட்டில் பெரும்பாலும் அந்த உயரம் கூட்டப்படவே இல்லை. கூட்டாததைக் குறைத்தால் பிடில் கம்பளிக்குள் போகிறது. கீழே அதே வளைவு தேவைக்கு மேல் கூட்டுவதால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி வீங்குகிறது. இதைச் சரிசெய்ய மேல் ஸ்தாயியைத் தூக்கினீர்கள், கரகரப்பும் தூக்கிக்கொண்டு வந்தது, அதை அடக்க இன்னும் கடுமையாக இரைச்சலை நீக்கினீர்கள். ஒரு தவறை மறைக்க அடுத்தது. எந்த வளைவும் போடாமல் நேராக எடுத்துவிட்டு, அந்தந்தத் தட்டுக்கு ஏற்றதைப் பிறகு போட்டிருந்தால் இந்தச் சுற்று வந்திருக்காது.

பின்னணியில் எலக்ட்ரானிக் தம்பூரா சேர்த்ததும், மண்டப எதிரொலி சேர்த்ததும் யார் யோசனையோ தெரியவில்லை. சுருதி ஆடும் பதிவுக்கு அடியில் ஆடாத தம்பூராவைப் போட்டால் ஒவ்வொரு பிசிறும் பூதக்கண்ணாடியில் தெரியும். எங்கள் புகாருக்கு வந்த பதிலில் இது இக்காலக் காதுக்கு ஏற்ற ஏற்பாடு என்று சொல்லப்பட்டிருந்தது. இக்காலக் காது அவ்வளவு மட்டமில்லை.

பெயர்கள், விவரங்கள். ஸ்ட்ரீமிங்கில் உங்கள் தொகுப்பைத் தேடினால் "பாடகர்: தியாகராஜர்" என்று வருகிறது. அவர் பாடிய பதிவு உங்களிடம் இருந்தால் அதை முதலில் வெளியிடுங்கள். ஒரு தடத்துக்கு ராகம் தோடி என்று இருக்கிறது, கேட்டால் சுபபந்துவராளி. ஹிந்துஸ்தானியில் தோடி என்பதன் ஸ்வரங்கள் நமக்குச் சுபபந்துவராளி என்பதால், யாரோ செயலியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் போல. மிருதங்கம் வாசித்தவர் பெயர் எந்தத் தடத்திலும் இல்லை. லேபிளில் இல்லாவிட்டால் "லேபிளில் குறிப்பிடவில்லை" என்று போடுங்கள். ஊகித்து ஒரு பெரிய பெயரைப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை இணையத்தில் ஏறிய தவறு இறங்குவதில்லை. துவாரம் என்ற வீட்டுப் பெயரில் அந்தக் குடும்பத்தில் மற்றவர்களும் பிடில் வாசித்தவர்கள். அந்தப் பெயரில் கிடைக்கும் எல்லாவற்றையும் ஒருவர் கணக்கில் சேர்க்க முடியாது.

உரிமை பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டு. 1964 முடிய வெளியான எல்லாப் பதிவுக்கும் அது 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. நாயுடு இந்தச் சென்னையில் காலமானது 1964 நவம்பரில். ஆகவே அவர் காலத்தில் வெளியான தட்டு ஒவ்வொன்றும் இன்று பொதுச்சொத்து. நீங்கள் வெளியிட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்களும் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. ஒரே தட்டில் இருந்து வேறொருவர் தன் வீட்டில் எடுத்த ஒலி, உங்கள் கோப்போடு ஒத்திருப்பதில் என்ன ஆச்சரியம்? இரண்டிலும் வாசிப்பவர் ஒருவர்தானே. 1941-இல் சங்கீத கலாநிதி பெற்று, பிடிலைத் தனி வாத்தியமாகக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர். தட்டுகளோ ஆண்டுதோறும் உடைகின்றன, பூஞ்சை பிடிக்கின்றன, பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த வாசிப்புக்கு மூலம் என்று இருக்கப் போவது, யாரோ ஒருவர் எடுத்த கோப்புதான். அது உங்கள் கோப்பு மட்டும் என்று ஆகிவிடக்கூடாது.

நாங்கள் கேட்பது இவை. சேகரிப்பாளர்களின் பதிவுகள் மீது உள்ள உரிமைக் கோரல்களை இந்த மாதத்துக்குள் திரும்பப் பெறுங்கள். 1964 வரையிலான தட்டுகளைத் தானியங்கிப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள். முதல் தொகுதியில் தம்பூராவும் எதிரொலியும் பொய் ஸ்டீரியோவும் சேர்த்த தடங்களை விற்பனையில் இருந்து நிறுத்துங்கள். இரண்டாம் தொகுதியை மறுபடி தட்டில் இருந்தே தொடங்குங்கள், இருக்கும் கோப்பில் இருந்து வேண்டாம். எடுக்கும்போது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வளைவு போடாமல், இரண்டு சுவரும் தனித்தனியாக. ஒரு பக்கத்துக்கு 110 மெகாபைட் சொச்சம். நூறு பக்கம் ஒரு சின்னப் பென்டிரைவில் அடங்கும், செலவைக் காரணம் காட்ட இடமில்லை. மெருகேற்றிய பதிப்பை நீங்கள் விற்றுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அதன் பக்கத்திலேயே மெருகேற்றாத நேரடிப் பதிவையும் கேட்கும்படி வையுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் தட்டு எண், மேட்ரிக்ஸ் எண், ஓட்டிய வேகம், ஊசியின் அளவு, போட்ட வளைவு ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு பக்கக் கீர்த்தனையை ஒட்டாமல் இரண்டாகவே விடுங்கள், அல்லது ஒட்டிய இடத்தைச் சொல்லுங்கள். இசைக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடித் தட்டின் சத்தத்தை வெட்டாமல் வையுங்கள். ராகம், தாளம், பக்கவாத்தியம் ஆகியவற்றை வெளியிடுமுன் பாட்டு தெரிந்த இருவரிடமாவது காட்டுங்கள்.

உங்களிடம் இல்லாத, அல்லது தேய்ந்துபோன தட்டுகளுக்கு எங்களிடம் நல்ல பிரதி இருந்தால் இரவல் தரத் தயாராக இருக்கிறோம், காசு வேண்டாம். நீங்கள் ஓட்டும்போது எங்களில் ஒருவர் கூட இருப்பார், ஸ்பிரிட் பாட்டில் அந்த அறையில் இருக்கக்கூடாது. இந்த இரண்டு நிபந்தனைதான்.

இப்படிக்கு,
சென்னையில் இருந்து, பழைய தட்டுகளைக் கேட்பவர்களும் காப்பவர்களும்